அம்மாச்சியோட சீனச்சட்டி உடைஞ்சதும், பாதியில நின்ன சத்து மாத்திரையும்

இன்னைக்கு ஒரு நீளமான இழை. ஒரு பழைய சட்டியைப் பத்தி.

டாக்டர் எதுக்குச் சட்டி பத்தி எழுதுறாருன்னு கேட்பீங்க. வீட்டுல கர்ப்பிணியோ, வயசுக்கு வந்த பொண்ணோ, "எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கு"ன்னு சொல்ற அம்மாவோ இருந்தா கடைசி வரை படிங்க. இதுல நான் செஞ்ச ஒரு தப்பும் இருக்கு. அதையும் சொல்றேன்.

1/
எங்க ஊர் அகரம். திண்டுக்கல் பக்கம், தாடிக்கொம்பை ஒட்டின பேரூராட்சி. போன ஐப்பசியில முத்தாலம்மன் திருவிழாவுக்குச் சொந்தக்காரங்க வர்றாங்கன்னு அம்மா பலகாரம் சுட்டுட்டு இருந்தாங்க. வேலை முடிஞ்சு சட்டியைத் தொட்டிக்கிட்ட கழுவும்போது கை வழுக்கி, துவைக்கிற கல்லு மேல விழுந்துடுச்சு. ரெண்டு துண்டு.

2/
அது என் அம்மாச்சியோட சட்டி. அம்மாச்சி இறந்து ரெண்டு வருஷம் ஆகுது. அவங்களுக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். கல்யாணச் சீர்ல வந்தது, பிறகு அம்மாவுக்கு வந்தது. அம்மா அழலை. ரெண்டு துண்டையும் பழைய சேலையில சுத்தி பரண்ல வச்சாங்க. ராத்திரி டூட்டி முடிச்சு வந்த என்கிட்ட, "தம்பி, இதே மாதிரி ஒண்ணு வாங்கித் தாப்பா" அப்படின்னு மட்டும் சொன்னாங்க.

3/
கேட்க ரொம்ப எளிசு. ஆனா "இதே மாதிரி"ன்னா எந்த மாதிரி?

எங்க பக்கம் எல்லாரும் வடச்சட்டின்னு சொல்வோம். அம்மாச்சி மட்டும் சாகுற வரைக்கும் "சீனச்சட்டி"ன்னுதான் சொன்னாங்க. சின்ன வயசுல நான் அதைச் சீனிச்சட்டின்னு நினைச்சேன். சீனிப்பாகு காய்ச்சுற சட்டி போலன்னு.

4/
ஒரே சட்டிக்கு நம்மகிட்ட எத்தனை பேரு பாருங்க. மதுரை, திண்டுக்கல்ல வடச்சட்டி. சென்னைப் பக்கம் வாணலி. சில வீடுகள்ல இலுப்பச்சட்டி. யாழ்ப்பாணத்துல தாச்சி, அது போர்த்துகீசியரோட வந்த சொல். மலேசியத் தமிழர்கள் குவாலின்னு மலாய்ச் சொல்லையே எடுத்துக்கிட்டாங்க. குமரி மாவட்டத்துலயும் கேரளாவுலயும் சீனச்சட்டி. கம்பம் கேரள எல்லையில இருக்கு. அம்மாச்சிக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு இப்ப புரியுது.

5/
சீனா எப்படி உள்ள வந்துச்சு? சீனி, சீனவெடி, ஊறுகாய் போடுற சீனப் பரணி, கொச்சியில இருக்குற சீன வலை எல்லாம் வந்த அதே கடல் வழிதான். சோழர் தூதுக்குழு 1015-லயே சீன அரசவைக்குப் போயிருக்கு. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்துல தோண்டினப்ப சீனப் பீங்கான் துண்டுகள் கிடைச்சது. இலங்கை காலியில 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒண்ணு சீனம், தமிழ், பாரசீகம் மூணு மொழியிலயும் இருக்கு.

6/
இரும்பைப் பானை பானையா உருக்கி, அச்சுல ஊத்திப் பாத்திரம் செய்யுற வித்தையில சீனர்கள் ரொம்ப முந்தினவங்க. கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வாக்குலயே அதைச் செஞ்சாங்க. நம்ம கொல்லர்கள் வேற வழியில கெட்டிக்காரங்க, அடிச்சு வடிக்கிற இரும்பும் உருக்கும் நம்ம பலம். ஜாவாக் கடல்ல சுமார் 800 வருஷம் முன்னாடி மூழ்கின ஒரு கப்பல்ல சீன இரும்புச் சட்டிகள் அடுக்கு அடுக்கா கிடைச்சிருக்கு. வார்த்த இரும்புச் சட்டி நம்ம கரைக்கு வந்தப்ப அதுக்கு ஊர்ப் பேரே நிலைச்சிடுச்சுங்கறது என் ஊகம்.

7/
சரி, அம்மாச்சி சட்டி எந்த இரும்பு? இங்கதான் உடைஞ்சது எனக்கு உதவுச்சு.

தகட்டு இரும்பு கீழ விழுந்தா ஒடுங்கும், உடையாது. வார்ப்பிரும்பு ஒடுங்காது, உடையும். வார்ப்பிரும்புல கரி (கார்பன்) 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். அதனாலதான் அந்த முறுகல் தன்மை. உடைஞ்ச விளிம்பைப் பார்த்தா சாம்பல் நிறத்துல, மணல் மணலா இருந்துச்சு. காதும் உடம்பும் ஒரே வார்ப்பு, ஆணி அடிச்ச தடயம் இல்லை. ஆக, வார்ப்பிரும்பு.

8/
உங்க வீட்டுச் சட்டி உடையாமலே கண்டுபிடிக்க:

• காந்தம் வைங்க. ஒட்டலைன்னா அலுமினியம், பித்தளை அல்லது ஒரு வகை எவர்சில்வர். 
• ஒட்டுது, கனமா இருக்கு, மேல்பரப்பு சொரசொரன்னு இருக்கு, காது ஒரே வார்ப்பு: வார்ப்பிரும்பு. 
• ஒட்டுது, மெல்லிசா இருக்கு, காதை ஆணி அடிச்சோ பத்த வச்சோ சேர்த்திருக்கு: தகட்டு இரும்பு. 
• ஒட்டுது, ஆனா ஈரத்துல போட்டாலும் துருவே பிடிக்கலை: எவர்சில்வர் அல்லது மேல பூச்சு இருக்கு.

ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். செலவே இல்லை.

9/
அம்மாவோட திண்டுக்கல் டவுன்ல பாத்திரக் கடைக்குப் போனேன். ஒரு கடையில "இது சுத்தமான வார்ப்பு இரும்பு சார்"னு கருகருன்னு ஒரு சட்டியை எடுத்து வச்சாங்க. பாக்கெட்ல இருந்த காந்தத்தை வச்சேன். ஒட்டலை. அடியில நகத்தால சுரண்டினேன், வெள்ளி மாதிரி மின்னுச்சு. கறுப்புப் பூச்சு அடிச்ச அலுமினியம். கடைக்காரர் சங்கடப்பட்டார். "எங்களுக்கு வர்றதே இப்படித்தான் சார் வருது"ன்னார். அவர் ஏமாத்தினாரா, ஏமாந்தாரா எனக்குத் தெரியலை. காந்தம் கொண்டு போங்க, அவ்வளவுதான்.

10/
பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்மது. 2019-ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. இரும்பை அறுத்து, அரம் போட்டு, மாங்காய்ப் பூட்டு செஞ்ச கைகள் இருந்த ஊர்ல, இரும்புச் சட்டி எதுன்னு காந்தம் வச்சுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு.

இதைவிடப் பெரிய முரண் ஒண்ணு இருக்கு. சிவகளை அகழாய்வை வச்சு, தமிழ் நிலத்துல 5,300 வருஷம் முன்னாடியே இரும்பு இருந்துச்சுன்னு 2025 ஜனவரியில அரசு அறிவிச்சது. அதே மண்ணுல இன்னைக்கு 15 முதல் 49 வயசு வரை உள்ள பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. குழந்தைகள்ல 57.4 சதவீதம். தேசியக் குடும்பநல ஆய்வு (5) சொல்ற கணக்கு இது.

11/
ரத்தசோகைக்கு எல்லாமே இரும்புக் குறைபாடு காரணம் இல்லை. குடல் புழு, பி12 குறைபாடு, மாதவிடாய்ல அதிக உதிரப்போக்கு, தலசீமியா மாதிரி பரம்பரைக் கோளாறுகள்னு பட்டியல் நீளம். ஆனா வெளிநோயாளர் பிரிவுல நான் பார்க்குற பெரும்பாலானவங்களுக்கு இரும்புக் குறைபாடுதான் முதல் சந்தேகம்.

12/
இப்ப என் தப்புக்கு வர்றேன். (ஆளை அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

இருபத்திரண்டு வயசுப் பொண்ணு. முதல் பிரசவம். 16 வாரத்துல ஹீமோகுளோபின் 9.1. கர்ப்பத்துல 11-க்குக் கீழ போனா ரத்தசோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழ தீவிரம். தினம் ரெண்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். கூட்டம் அதிகம். எழுந்து போகும்போது, "வீட்டுல இரும்புச் சட்டியில சமைச்சுச் சாப்பிடும்மா, ரொம்ப நல்லது"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

13/
இடையில அந்தப் பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. 26 வாரத்துல திரும்பி வந்தப்ப ஹீமோகுளோபின் 7.6.

"மாத்திரை சாப்பிட்டியாம்மா?"

"இல்லைங்க சார். சாப்பிட்டா குமட்டுது, மலம் கறுப்பா போகுது, பயந்துட்டேன். எங்க அத்தை சொன்னாங்க, எங்க காலத்துல மாத்திரையா தின்னோம்னு. நீங்களும் இரும்புச் சட்டியில சமைச்சா போதும்னீங்களே சார். புதுச் சட்டி வாங்கி அதுலதான் சார் எல்லாம் செய்யுறேன்."

14/
"போதும்"னு நான் சொல்லலை. ஆனா அவ காதுல அப்படித்தான் விழுந்திருக்கு. அதுல அவ தப்பு எதுவும் இல்லை. மாத்திரையைப் பத்தி நான் ஒரு வரி கூட விளக்கலை. மலம் கறுப்பா போகும், அது இயல்பு, பயப்படாதன்னு சொல்லலை. குமட்டினா என்ன செய்யணும்னு சொல்லலை. சட்டியைப் பத்தி மட்டும் சிரிச்ச முகத்தோட சொன்னேன். எது மனசுல நிக்கும்?

15/
26 வாரத்துல 7.6 எதுக்கு எனக்குப் பயம்?

பிரசவத்துக்கு அப்புறம் அரை லிட்டருக்கு மேல ரத்தம் போனா அதை அதிக உதிரப்போக்குன்னு சொல்றோம். ஹீமோகுளோபின் 12 இருக்குற பொண்ணு அதைத் தாங்கிடுவா. 7 இருக்குற பொண்ணுக்கு அதே அரை லிட்டர் உயிர் ஆபத்து. குழந்தை எடை குறைவு, குறைமாசப் பிரசவம் எல்லாத்துக்கும் வாய்ப்பு கூடுது.

16/
அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரும்புச் சட்டி உண்மையிலேயே எவ்வளவு இரும்பு தருது?

1986-ல அமெரிக்காவுல டெக்சாஸ் ஆய்வாளர்கள் 20 வகை உணவை இரும்புச் சட்டியில சமைச்சுப் பார்த்தாங்க. தக்காளி சாஸ்ல 100 கிராமுக்கு 0.6 மில்லிகிராம் இருந்த இரும்பு, கிட்டத்தட்ட 6 மில்லிகிராம் ஆச்சு. புளிப்பு, ஈரப்பதம், அடுப்புல இருக்குற நேரம் மூணும் கூடக்கூட இரும்பு அதிகமா இறங்குது. அதாவது நம்ம புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு மாதிரி. பூரி சுட்டா பெருசா எதுவும் இறங்காது.

17/
1999-ல லான்செட் இதழ்ல எத்தியோப்பியா ஆய்வு வந்துச்சு. சில வீடுகளுக்கு இரும்புப் பாத்திரம், சில வீடுகளுக்கு அலுமினியப் பாத்திரம். ஒரு வருஷம் கழிச்சுக் குழந்தைகள் ரத்தத்தைப் பார்த்தா, இரும்புப் பாத்திர வீடுகள்ல ஹீமோகுளோபின் 1.7 கிராம் ஏறியிருந்துச்சு, அலுமினிய வீடுகள்ல 0.4 கிராம்.

ஆக, இரும்புச் சட்டி பாட்டி கதை இல்லை. நிஜமாவே பலன் இருக்கு.

18/
ஆனா அடுத்த கதையையும் கேளுங்க. கம்போடியாவுல குழம்புல போட்டுக் கொதிக்க வைக்கிற இரும்பு மீன் உலகம் முழுக்கப் பிரபலம் ஆச்சு. 2017-ல வந்த கட்டுப்பாட்டு ஆய்வுல அதனால ஹீமோகுளோபின் ஏறலை. காரணம், அங்க அந்தப் பெண்கள்ல பலருக்கு ரத்தசோகை இருந்தது இரும்புக் குறைவால இல்லை, பரம்பரை ஹீமோகுளோபின் கோளாறால. நோய் எதுன்னு பார்க்காம இரும்பைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்.

19/
இப்ப அந்தப் பொண்ணு கணக்கு.

ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமா ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு உடம்புக்குள்ள சேரணும். பின்பாதி மாசங்கள்ல தினம் 5, 6 மில்லிகிராம் உறிஞ்சியாகணும். சட்டியில செஞ்ச தக்காளிக் குழம்பு 200 கிராம் சாப்பிட்டா கூடுதலா 10 மில்லிகிராம் வயித்துக்குள்ள போகுதுன்னு வைங்க. அதுல பத்துல ஒரு பங்கு உறிஞ்சினாலே அதிர்ஷ்டம். ஆக 1 மில்லிகிராம். அதுவும் சாப்பிட்டதும் டீ குடிக்காம இருந்தா.

ஒரே ஒரு மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு.

20/
என் கருத்தை நேரா சொல்லிடறேன்.

இரும்புச் சட்டி சாப்பாட்டுப் பக்கம். மாத்திரை மருந்துப் பக்கம். ரத்தசோகை இன்னும் வராதவங்களுக்கு, வளர்ற பொண்ணுக்கு, மொத்தக் குடும்பத்துக்கும் சட்டி நல்லது. ஹீமோகுளோபின் ஏற்கெனவே குறைஞ்சவங்களுக்குச் சட்டி மட்டும் போதவே போதாது. "இயற்கையா ஏத்திடலாம்"னு சட்டியை மாத்திரைக்குப் பதிலா விக்கிற காணொளிகளைப் பார்த்தா கடந்து போயிடுங்க.

21/
இன்னொரு கருத்து, இது எங்க ஆளுங்களுக்கு. மாத்திரையைக் கையில திணிச்சு அனுப்பிட்டு, "சாப்பிட மாட்டேங்கறாங்க"ன்னு நோயாளி மேல பழி போடுறோம். ரெண்டு நிமிஷம் பேசினா பாதிப் பேர் நிறுத்த மாட்டாங்க. என் அனுபவம் இது.

இப்ப நான் சொல்ற நாலு வரி:
• மலம் கறுப்பா போகும், அது மாத்திரையோட நிறம். பயம் வேண்டாம்.
• வெறும் வயித்துல குமட்டினா சாப்பாட்டுக்கு அப்புறம், ராத்திரி படுக்கும்முன்ன சாப்பிடு. விட்டுடறதைவிட அது மேல்.
• டீ, காபி, பால், கால்சியம் மாத்திரையோட சேர்க்காதே. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யாவோட சேர்.
• மலச்சிக்கல் வந்தா எங்ககிட்ட வா. நீயா நிறுத்தாதே.

22/
வீட்டு ஆளுங்களுக்கும் ஒண்ணு. கறி எடுத்த அன்னைக்கு ஈரல் யார் தட்டுக்குப் போகுதுன்னு பாருங்க. கடைசியா சாப்பிடுறவங்க யாருன்னு பாருங்க. ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு தேவை, பொம்பளைக்கு 29. ஐ.சி.எம்.ஆர். 2020 பரிந்துரை அது. பல வீடுகள்ல பரிமாறுறது தலைகீழா நடக்குது. எந்தச் சட்டி வாங்கினாலும் இதைச் சரி பண்ண முடியாது.

23/
சரி, சட்டி வாங்கறவங்களுக்கு. எதை வாங்கலாம்?

வார்ப்பிரும்பு: கனம், சூடு நின்னு பிடிக்கும், விழுந்தா உடையும். 
தகட்டு இரும்பு: லேசு, சீக்கிரம் சூடேறும், உடையாது. வயசானவங்க கைக்கு இதுதான் தோது. 
ரெண்டுலயும் இரும்பு இறங்கும். எனாமல் பூசின வார்ப்பிரும்புல இறங்காது, அது வேற தேவைக்கு.

24/
ஒரு வேடிக்கை சொல்லவா? வழவழன்னு கறுப்பா எண்ணெய் ஏறின பழைய சட்டியைவிடப் புதுச் சட்டியிலதான் இரும்பு அதிகமா இறங்கும். சட்டியில படியுற அந்தக் கறுப்பு, எண்ணெய் சூட்டுல இறுகி உண்டாகுற படலம். தோசை ஒட்டாம வர்றது அதனாலதான். அதே படலம் இரும்பையும் கொஞ்சம் தடுக்கும். அம்மாச்சி சட்டியில ருசி அதிகம், இரும்பு குறைவுன்னுதான் சொல்லணும். அம்மாகிட்ட இதைச் சொன்னப்ப, "உங்க அம்மாச்சியைக் குறை சொல்லாம உனக்குப் பொழுது போகாது"ன்னாங்க.

25/
புதுச் சட்டியைப் பழக்குறது எப்படி? எங்க வீட்டு வழி:

முதல்ல நல்லா தேய்ச்சுக் கழுவி, கடைக்காரர் தடவின எண்ணெய், கரி எல்லாத்தையும் எடுங்க. ரெண்டு மூணு நாள் வடிகஞ்சி ஊத்தி வச்சு, தினமும் கழுவுங்க. அப்புறம் அடுப்புல காய வச்சு நல்லெண்ணெயை மெல்லிசா தடவி, புகை வர்ற அளவு சூடு பண்ணி ஆற விடுங்க. இதையே நாலஞ்சு தடவை. கடைசியா வெங்காயத்தோலை வதக்கிக் கொட்டிடுங்க. சீனாவுல இந்த வேலைக்குச் சட்டியைத் "திறக்குறது"ன்னு பேரு. நாம பழக்குறோம், அவங்க திறக்குறாங்க. வேலை ஒண்ணுதான்.

26/
செய்யக்கூடாதது:

• சமைச்ச குழம்பை அதுலயே ராத்திரி முழுக்க வைக்காதீங்க. சட்னி, சாம்பார் மாதிரி புளிப்பானதை அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்புல சேமிக்க வேண்டாம்னு ஐ.சி.எம்.ஆர். ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2024 வழிகாட்டியும் சொல்லுது. 
• கழுவினதும் துடைச்சுக் காய வைங்க. 
• தலசீமியா மாதிரி இரும்பு உடம்புல தேங்குற நோய் உள்ளவங்க டாக்டரைக் கேட்காம இரும்புச் சட்டிக்கு மாறாதீங்க.

27/
அடிக்கடி கேட்குற கேள்விகள்.

"சட்டியில துரு இருந்தா செப்டிக் ஆகுமா?" ஆகாது. டெட்டனஸ் வர்றது புண்ணு வழியா உள்ள போற கிருமியால, துருவைத் தின்னதால இல்லை. ஆனா துருவோட சமைச்சா ருசி கெடும். தேய்ச்சுட்டு எண்ணெய் தடவுங்க.

"வாழைப்பூ, கத்தரிக்காய் கறுத்துப் போகுதே?" காயில இருக்குற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்த நிறம். விஷம் இல்லை.

28/
"உடைஞ்சதைப் பத்த வச்சுக்கலாமா?" இதை அம்மாவே கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். வார்ப்பிரும்பை ஒட்டினாலும் சூட்டுல மறுபடி அதே இடத்துல விரியும். ஒட்டுறதுக்கு என்ன உலோகம் போடுறாங்கன்னு நமக்குத் தெரியாது. பாத்திரத்துல ஓட்டை அடைக்க ஈயம் வைக்கிறதை அறவே தவிருங்க.

29/
இந்த "ஈயம்"ங்கற சொல்லையும் கவனிங்க. வெள்ளீயம்னா டின். பித்தளைக்குப் பூசுறதும், ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் அது. காரீயம்னா லெட். நச்சு. குழந்தைகள் மூளையைப் பாதிக்கும். போதாக்குறைக்கு, நம்ம ஊர்கள்ல அலுமினியத்தையும் "ஈயப் பாத்திரம்"னு சொல்றோம். மூணு உலோகம், ஒரே பேரு. வாங்கும்போது எந்த ஈயம்னு கேளுங்க.

30/
மலிவான அலுமினியம் பத்தியும் ஒரு எச்சரிக்கை. இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, ஹிண்டாலியப் பாத்திரங்கள்ல இருந்து உணவுல காரீயம் இறங்குதுன்னு 2025 ஆகஸ்ட்ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிச்சது. எல்லா அலுமினியப் பாத்திரமும் விஷம்னு இதுக்கு அர்த்தம் இல்லை. எந்தப் பழைய உலோகத்தை உருக்கி வார்த்தாங்கன்னு தெரியாத, பேரில்லாத மலிவுப் பாத்திரத்துலதான் ஆபத்து. கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்குற வீட்டுல அதைத் தவிர்க்கலாம்.

நான்ஸ்டிக்: காலிச் சட்டியை அடுப்புல வச்சு மறந்துடாதீங்க. அதிகச் சூட்டுல வர்ற புகை நல்லதில்லை. பூச்சு உரிஞ்சா மாத்திடுங்க.

31/
அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு கேட்பீங்க. அன்னைக்கே அத்தையையும் வீட்டுக்காரரையும் வரச் சொன்னேன். மூணு பேரையும் உட்கார வச்சு, இந்தக் கணக்கை ஒரு தாள்ல எழுதிக் காட்டினேன். "தப்பு என்னுது, சரியா சொல்லாம விட்டுட்டேன்"னும் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் தாளையே பார்த்துட்டு, "அப்ப சட்டியைத் தூக்கிப் போட்டுறவா சார்?"னு கேட்டாங்க. "வேண்டாம்மா, சட்டியும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும்"னேன்.

32/
நரம்பு வழியா இரும்புச்சத்து ஊசி ஏத்தினோம். அரசு மருத்துவமனையில இது இலவசம். 35 வாரத்துல 10.2. சுகப்பிரசவம், பொம்பளைப் புள்ளை, 2.8 கிலோ. உதிரப்போக்கு கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு. தாங்கிட்டா. 7.6-லயே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அன்னைக்கு லேபர் வார்டு வாசல்ல நின்னு யோசிச்சேன்.

குழந்தை பிறந்த பிறகும் 180 நாள் மாத்திரை சாப்பிடணும். இந்தத் தடவை அதை அத்தையே ஞாபகப்படுத்துறாங்க.

33/
அம்மாவுக்குச் சட்டி கிடைச்சுதா? மூணாவது கடையில கிடைச்சது. காந்தம் ஒட்டுச்சு, காது ஒரே வார்ப்பு, அடி கொஞ்சம் குழிவு. அம்மாச்சி சட்டியைவிடக் கனம் கூட. வீட்டுக்கு வந்து பத்து நாள் பழக்கினோம். முதல் தோசை அள்ளி ஒட்டிக்கிச்சு. "இது அது மாதிரி இல்லைப்பா"ன்னாங்க. "பழகும்மா"ன்னேன். இப்ப பரவாயில்லைங்கறாங்க. உடைஞ்ச ரெண்டு துண்டும் இன்னும் பரண்லதான் இருக்கு. எடைக்குப் போட மனசு வரலை, நானும் கேட்கலை.

34/
சுருக்கமா:

• சட்டி வாங்கப் போனா காந்தத்தோட போங்க.
• புளிப்பான குழம்பை இரும்புச் சட்டியில வைங்க, வெந்ததும் வேற பாத்திரத்துக்கு மாத்துங்க.
• சாப்பாட்டோட எலுமிச்சை, நெல்லி. டீ, காபி ஒரு மணி நேரம் தள்ளி.
• பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாள். பள்ளியில கொடுக்குற புழு மாத்திரையையும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையையும் பிள்ளைங்க சாப்பிட்டாங்களான்னு கேளுங்க.
• வீட்டுல இருக்குற எல்லாப் பொம்பளைகளுக்கும் ஒரு தடவை ஹீமோகுளோபின் பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம், விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம்.
• மாத்திரையை நிறுத்தணும்னு தோணினா, நிறுத்துறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை.

35/
உங்க வீட்டுல இந்தச் சட்டிக்கு என்ன பேரு? யாரோட சட்டி அது? எழுதுங்க, படிக்கிறேன். அப்படியே அந்தச் சட்டியில சமைக்கிறவங்களோட ஹீமோகுளோபின் எவ்வளவுன்னும் கேட்டுட்டு எழுதுங்க.



அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
அகரம், திண்டுக்கல்